ஜெகதீசனின் கையும் ஆயம்மாளின் ஃப்யூசியாவும்

மஞ்சூர்க் கல்யாணத்தின் ஆல்பம் கோயம்புத்தூரிலிருந்து பஸ் பார்சலில் வந்திருந்தது. பெண்ணின் அப்பா குந்தா மின்நிலையத்தில் வேலை பார்ப்பவர். சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். பக்கங்கள் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து வைக்கலாமே என்றுதான் ஜெகதீசன் உறையைப் பிரித்தார்.

தாலி கட்டும் படம் நன்றாக வந்திருந்தது. பெண்ணின் கழுத்து நகையில் இருந்த கல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. ஆனால் அது வலதுபக்கமிருந்து எடுத்த படம். அன்றைக்கு ஓமப்புகை வலதுபக்கமாக வீசியதால் ஜெகதீசன் முகூர்த்தம் முழுக்க இடதுபக்கமே நின்று படமெடுத்திருந்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். மெட்டி போடுவது, தரையோடு தரையாகப் படுத்து எடுத்த கோணம். அவர் அன்று குனியவேயில்லை. மாலை மாற்றுவது, அட்சதை விழுவது, பெண் அழுவது. கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டிவிட்டு ஆல்பத்தை மூடினார். அதில் ஒரு படம்கூட அவர் எடுத்ததல்ல.

குன்னூரின் பெட்போர்டு பகுதியில் அந்த ஸ்டூடியோவை அவர் தொடங்கியபோது கேமராவில் ஃபிலிம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா கோயம்புத்தூரிலிருந்து மலையேறி வந்து கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்தவர். மகனுக்குத் துணி அளப்பதில் பிரியமில்லை. பாதி ஊரின் கல்யாணங்கள் ஜெகதீசனின் கேமரா வழியாகத்தான் நடந்தன. சில வருடங்களுக்கு முன் தேவாலாவிலிருந்து ஜினோ என்ற இளைஞன் வேலை கேட்டு வந்தான். கேமராவைப் பிடிக்கிற விதத்தைப் பார்த்தே அவனைச் சேர்த்துக்கொண்டார். பிறகு கூட்டாளியாகவும் ஆக்கிக்கொண்டார். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு பேரும் போவார்கள். யாருடைய படம் எது என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் இருவருக்கும் இல்லை. ஆல்பத்துக்குப் படம் பொறுக்குவது ஜினோவின் வேலை.

ஜெகதீசன் கம்ப்யூட்டரைத் திறந்து, அன்று தன் கேமராவில் எடுத்த படங்களைத் தேடினார். அத்தனையும் அப்படியே கிடந்தன. ஒன்றைத் திறந்து பெண்ணின் கண்ணருகே பெரிதாக்கினார். இமைமுடி இரட்டை இரட்டையாகத் தெரிந்தது. அடுத்ததிலும் அப்படித்தான். இன்னொன்றில் கண் பரவாயில்லை, காதுத் தோடு கலங்கியிருந்தது. இருந்த இடத்தை விட்டு எழாமல் அதற்கு முந்தைய கல்யாணத்தைத் திறந்தார். அதற்கும் முந்தையதைத் திறந்தார். போன மழைக்காலம் வரைக்கும் பின்னால் போனதும் நிறுத்திக்கொண்டார்.

ஜினோ சாப்பிட்டுவிட்டு வந்தான். திரையில் பெரிதாக நின்ற கண்ணைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றுவிட்டான்.

"எத்தன நாளா இப்பிடி?"

"அண்ணா, அது வந்து..."

"எல்லாமே ஷேக் ஆயிருக்குது. நீ பாத்துட்டுத்தான் இருந்திருக்கிற."

"சொன்னா நீங்க கல்யாணத்துக்கே வராம இருந்துருவீங்கன்னு தோணுச்சு அண்ணா. நான்தான் எடுக்கிறேனே, அது மதி, போதும்னு விட்டுட்டேன்." பதற்றத்தில் அவனுக்குத் தமிழோடு மலையாளமும் கலந்து வரும்.

ஜெகதீசன் கத்தவில்லை. கத்துவதற்கு என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தார், எதுவும் கிடைக்கவில்லை. பெண்ணின் அப்பா வந்து ஆல்பத்தைப் புரட்டி, "கலக்கிட்டீங்க சார்" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். ஜினோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று வீட்டில் மனைவி சுஜாதாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்பவர் சுஜாதா. குழந்தைகளின் பிஞ்சுக் கையில்கூட ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவார்.

"ஏனுங்க, டம்ளர்ல பாதிதானே காப்பி ஊத்தறேன், அதக்கூடக் கவனிக்கலீங்களா?"

ஜெகதீசன் டம்ளரைப் பார்த்தார். பாதிதான் இருந்தது. அதை எடுத்துக் குடித்தார்.

கோயம்புத்தூர் நரம்பு டாக்டர் அவரைக் கையை நீட்டச் சொன்னார், ஒரு சுருள் வரையச் சொன்னார், தண்ணீர்க் குவளையைத் தூக்கச் சொன்னார். மடியில் கிடக்கும்போது கை சும்மா இருந்தது. எதையாவது பிடிக்கும்போதுதான் நடுங்கியது. பயப்படுகிற வியாதி இல்லை, ஆனால் முழுக்கப் போகிற வியாதியும் இல்லை என்றார் டாக்டர். வழக்கமாகக் கொடுக்கிற மாத்திரையை வீசிங் இருப்பவருக்குக் கொடுக்க முடியாது. ஜெகதீசனுக்குச் சிறுவயதிலிருந்தே வீசிங். வேறொரு மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டால் பகலெல்லாம் தூக்கம் வந்தது, நடுக்கமும் அப்படியே இருந்தது. சில வாரங்களில் விட்டுவிட்டார்.

கல்யாணங்களை ஜினோவே பார்த்துக்கொண்டான். ஜெகதீசன் கடையில் உட்கார்ந்து பாஸ்போர்ட் படம் எடுத்தார். அதற்குக் கேமரா ஸ்டாண்டில் நிற்கும், ஆளும் அசையாமல் இருப்பார், பட்டனை அமுக்கினால் போதும். அப்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளத்தான் ஆயம்மாள் வந்தார்.

வண்டிச்சோலைக்கு மேலே நாற்றுப் பண்ணை வைத்திருப்பவர் ஆயம்மாள். அறுபதைத் தாண்டியவர். ஓட்டல்களுக்கும் பங்களாக்களுக்கும் பூச்செடி கொடுப்பார். பெங்களூரில் இருக்கும் மகளிடம் போவதற்காக ஏதோ அடையாள அட்டைக்குப் படம் வேண்டியிருந்தது. எடுத்து முடித்ததும் தன் ஃபோனை நீட்டினார்.

"தம்பி, இத கொஞ்சம் பாருங்க. சீசனுக்கு முன்னாடி ஒரு புஸ்தகமாட்டம் அச்சடிக்கலாம்னு இருக்கிறேன். எந்தச் செடி எப்பிடிப் பூக்கும்னு பாத்தாத் தெரியணும். நானே எடுத்தேன், ஒண்ணும் வெளங்கல."

ஜெகதீசன் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். முன்னால் தொங்கிய பூக்கள் எல்லாம் சிவப்புத் திட்டாக இருந்தன. பின்னால் இருந்த இலையின் நரம்புகள் மட்டும் அற்புதமாக விழுந்திருந்தன.

"இலை நல்லா வந்திருக்குதுங்க."

"இலைய எவன் வாங்குவான்? பூ வேணும். நடுவால தொங்குதே அந்த நூலு, அது நுனியில ஒட்டியிருக்கிற பொடி, அதுவரைக்கும் தெரியணும். உங்களால ஆகுங்களா?"

பூ மணப்பெண்ணைப் போலத் தலையைத் திருப்பாது, கண்ணைக் கசக்காது, சொந்தக்காரர்கள் குறுக்கே வரமாட்டார்கள். ஆகும் என்றார் ஜெகதீசன்.

பிப்ரவரி மாதக் குளிரில் பண்ணைக்குப் போனார். பொருள்களை மிக அருகில் எடுக்கும் மேக்ரோ லென்ஸ் ஒன்று அவரிடம் இருந்தது. மோதிரங்களை எடுப்பதற்காக வாங்கியது. ஆயம்மாள் பெருமையாக வைத்திருந்த செடி ஃப்யூசியா. ஊட்டி, குன்னூர் வீடுகளின் முன்வாசலில் தொட்டி தொட்டியாகத் தொங்குகிற, ஜிமிக்கி போலத் தலைகீழாகப் பூக்கும் செடி. சிவப்பு மேலிதழ், ஊதா உள்ளிதழ், அதிலிருந்து கீழே நீளும் மகரந்தத் தண்டுகள். ஜெகதீசன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேமராவைக் கண்ணில் வைத்தார்.

அருகில் போகப் போக ஃபோகஸ் மெலிந்துகொண்டே போகும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. கல்யாண மேடையில் பத்தடி தூரத்திலிருந்து எடுத்தால் பெண்ணும் தெளிவாக இருப்பாள், பக்கத்தில் நிற்கும் தோழியும் ஏறக்குறைய தெளிவாக இருப்பாள். ஒரு சாண் தூரத்தில் வந்துவிட்டால் தெளிவாக இருக்கும் பகுதி ஒரு நகத்தின் கனம்தான். மகரந்தத் தண்டின் நுனி தெளிந்தால் இதழ் கலங்கும். இதழைப் பிடித்தால் நுனி கரையும். அந்த நகக்கனத்துக்குள் கேமராவை நிறுத்திவைக்க வேண்டும். அவர் கை ஒரு விரல்கடை முன்னும் பின்னும் போய் வந்தது. தூரத்தில் தெரியாத நடுக்கம் எல்லாம் இங்கே பல மடங்காகத் தெரிந்தது. கண்ணாடிக்குள் பூ தெளிந்தது, கலங்கியது, தெளிந்தது. அவர் பட்டனை அமுக்கியபோதெல்லாம் அது கலங்கித்தான் இருந்தது.

அடுத்த நாள் கேமராவை நிறுத்திவைக்க ட்ரைபாட் ஸ்டாண்டைக் கொண்டுவந்தார். இப்போது கேமரா நின்றது, பூ நிற்கவில்லை. மனிதருக்கு முகத்தில்கூடத் தெரியாத காற்று, காம்பில் தொங்கும் அந்தப் பூவை ஊஞ்சலாட்டியது. துணி மாட்டுகிற கிளிப்பால் காம்பை ஒரு மூங்கில் குச்சியோடு சேர்த்துப் பிடித்தார். குடையைத் தடுப்பாக வைத்தார். காற்று குடையை ஒருமுறை தேயிலைச் சரிவில் கொண்டுபோய்ப் போட்டது.

"உள்ள கொண்டுபோய் எடுங்களேன்" என்று ஆயம்மாள் பாலித்தீன் கூடாரத்தைக் காட்டினார். உள்ளே காற்று இல்லை. ஆனால் குளிரிலிருந்து அந்த வெதுவெதுப்புக்குள் நுழைந்ததும் லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிட்டது. துடைத்தால் மறுபடியும் படிந்தது. கேமராவைப் பையோடு உள்ளே வைத்துவிட்டு, அது சூடு பிடிக்கும்வரை ஆயம்மாள் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு வெளியே நின்றார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்ததை ஆயம்மாள் பார்த்தார்.

கூடாரத்துக்குள் நிலைமை கொஞ்சம் மேம்பட்டது. கேமராவைச் சாய்வாக வைக்காமல் பூவின் பக்கவாட்டுக்கு நேர் எதிரே, அதற்கு இணையாக நிறுத்தினால் தண்டுகளும் இதழ் விளிம்பும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் வந்தன. லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளையான அப்பர்ச்சரைச் சிறிதாக்கினால் தெளிவு இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. ஓரளவுக்கு மேல் சிறிதாக்கினால் படம் முழுவதுமே மந்தமாகிவிட்டது. பட்டனைத் தொடுவதே குலுக்கியதால், சில நொடி கழித்துத் தானாகவே படம் எடுக்கும் டைமரில் வைத்தார். இவ்வளவுக்குப் பிறகும் பூவின் முன்பாதி வந்தது, பின்பாதி வரவில்லை. ஒரே பூவைப் பல படங்களாக எடுத்து, ஒவ்வொன்றிலும் ஃபோகஸை மயிரிழை பின்னுக்குத் தள்ளி, தெளிந்த பகுதிகளை மட்டும் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்ப்பதுதான் அதற்கு வழி. சேர்க்கிற வேலை அவருக்குச் சுலபம். மயிரிழை தள்ளுவதுதான் முடியவில்லை. லென்ஸின் வளையத்தை அவர் தொட்டதும் விரல் அதை மயிரிழைக்குப் பதில் நெல்மணி அளவுக்குத் திருப்பிவிட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது இதையெல்லாம் சொல்லிவிட்டு, "ஆயம்மாக்காகிட்ட முடியாதுன்னு சொல்லிரப் போறேன்" என்றார்.

சுஜாதா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஞாயித்துக்கெழம எனக்கு லீவுதானுங்க. நானு வந்து திருப்பறேன்" என்றார்.

இத்தனை வருடத்தில் சுஜாதா அவர் கேமராவைத் தொட்டதில்லை. கல்யாணங்களுக்கு அவரோடு போனதுமில்லை. ஞாயிறன்று பண்ணைக்கு வந்தவர், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கூடாரத்தில் கிடந்த ஒரு முக்காலியைக் கேமராவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். வளையத்தின்மேல் இரண்டு விரலை வைத்தார். ஜெகதீசன் கேமராவின் பின்திரையில் பூவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"திருப்பு."

திரையில் தண்டின் நுனி மெல்ல மேலே எழுவதுபோலத் தெளிந்தது.

"போதும். கைய எடு." டைமர் ஓடிப் படம் விழுந்தது. "மறுபடி. இன்னும் கொஞ்சம். கொஞ்சம்னா கொஞ்சம்! எதுக்கு அவ்வளவு?"

சுஜாதா கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். "கல்யாண ஊட்டுல லைட் புடிக்கிறவங்கள வெரட்டற மாதிரி என்னைய வெரட்டாதீங்க. எவ்வளவுன்னு சொன்னாத்தானே தெரியும்?"

"எப்பிடிச் சொல்றது?"

"நகம் நகர்ற அளவா, வெரல் நகர்ற அளவா?"

"நகம்."

அதன்பிறகு அவர்கள் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே வேலை செய்தார்கள். நகம், போதும். அரை நகம், போதும். இதற்கு நடுவே ஒருமுறை ஆயம்மாள் கூடாரக் கதவைத் திறந்து, வந்த காற்றில் பூ ஆடி, அதுவரை எடுத்தது அத்தனையும் வீணானது. ஆயம்மாள் மன்னிப்புக் கேட்கவில்லை. "அம்மிணி, சாப்பிட்டுப் போட்டுப் பண்ணுங்க" என்றார். மதியத்துக்குப் பிறகு மறுபடியும் முதலிலிருந்து எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து படங்களைச் சேர்த்துப் பார்த்தபோது பூ நுனியிலிருந்து காம்பு வரை தெளிந்து நின்றது. சுஜாதா எட்டிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுக் குக்கரைக் கவனிக்கப் போனார். ஜெகதீசன் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷமா என்று அவரையே கேட்டால், ஆமாம் என்று சொல்லியிருக்கமாட்டார். பல மாதங்களாகப் பார்க்காத ஒன்றைப் பார்த்ததுபோல இருந்தது, அவ்வளவுதான்.

ஞாயிறுகள் மட்டும் போதவில்லை. பிகோனியா, ஆர்க்கிட், சைக்ளமன் என்று ஆயம்மாள் எடுக்கச் சொன்ன பூக்கள் நிறைய இருந்தன. வாரநாட்களில் தனியாக எடுக்க ஜெகதீசன் இன்னொரு வழி கண்டுபிடித்தார். கல்யாணத்துக்குக் கொண்டுபோகிற ஃபிளாஷைக் கேமராவில் மாட்டி, அதன் முன்னால் வெள்ளைத் துணியைக் கட்டினார். மின்னி மறையும் அந்த வெளிச்சத்தின் நேரம் மிகக் குறைவு, அதற்குள் கை எங்கேயும் போய்விட முடியாது. எனவே படம் ஷேக் ஆகாது. ஃபோகஸ் விழுமா என்பதுதான் கேள்வி. வளையத்தைத் தொடாமல், கேமராவைக் கையில் பிடித்து, பூவுக்கு நேரே வைத்துக்கொண்டு தொடர்ந்து அமுக்கினார். முன்னும் பின்னும் போகிற கை எப்போதாவது சரியான இடத்தைக் கடந்தே ஆகவேண்டும். கட்டுக் கட்டாக எடுத்ததில் ஒன்றிரண்டு தேறின. இதைத் திறமை என்று அவர் நினைத்துக்கொள்ளவில்லை. குப்பையில் போட்டவற்றைப் பார்த்தால் யாரும் நினைக்கமாட்டார்கள்.

அட்டைப் படத்துக்காக ஆயம்மாள் ஒரு ஃப்யூசியாவைத் தனியாக வைத்திருந்தார். வெள்ளை மேலிதழும் கரு ஊதா உள்ளிதழுமாக அடர்ந்து பூக்கும் பழைய தாய்ச்செடி. வருடாவருடம் அதிலிருந்துதான் கன்றுகள் வெட்டுவார். மார்ச் முதல் ஞாயிறன்று ஜெகதீசனும் சுஜாதாவும் அதை எடுத்தார்கள். கதவு திறக்கப்படவில்லை, செடி அசையவில்லை, எல்லாம் கூடி வந்தது. அதுவரை எடுத்ததிலேயே கூர்மையான படம் அது. மகரந்தப் பொடி மணல்போல உதிரியாகத் தெரிந்தது.

வீட்டில் அதைப் பெரிதாக்கியபோது காம்பும் பூவும் சேரும் இடத்தில் சில செம்புள்ளிகள் இருந்தன. ஜெகதீசன் திரையைத் துடைத்தார். புள்ளிகள் போகவில்லை. மெல்லிய நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. மகரந்தம் உதிரும்போது அப்படி நூல்விடும் என்று முந்தைய படங்களில் பார்த்திருந்தார். தூசியும் நூலும் என்று முடிவுகட்டி, அவற்றை அழிப்பதற்குத் தயாரானார். மணப்பெண்களின் பருக்களை அழித்துப் பழகிய கைக்கு மவுஸைப் பிடிப்பதில் அவ்வளவு நடுக்கம் இல்லை.

"இருங்க, இருங்க" என்றார் பின்னால் நின்ற சுஜாதா. "இன்னும் பெருசு பண்ணுங்க." நாள் முழுவதும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறவர் அவர். "தூசி இல்லீங்க. கால் தெரியுது பாருங்க. இது உசுரு."

பெரிதாக்கினார். காலும் தெரிந்தது, உடம்பில் முடியும் தெரிந்தது. தேயிலைக்குப் பக்கத்தில் வாழ்கிற யாருக்கும் அந்த நிறம் புதிதல்ல. வெயில் மாதங்களில் இலையைச் செம்பு நிறமாக்கிவிடுகிற செஞ்சிலந்திப் பூச்சி.

"அழிச்சுட்டா அட்டைக்கு ஆகும்" என்றார் ஜெகதீசன். அது கேள்வியாகவும் இல்லை, முடிவாகவும் இல்லை.

"படத்துல அழிப்பீங்க. செடியில?"

மறுநாள் அழிக்காத படத்தையே கொண்டுபோனார். ஆயம்மாள் லேப்டாப்பைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். முதலில் பூரித்தார். பிறகு ஜெகதீசன் சுட்டிக்காட்டிய இடத்தைப் பார்த்தார். முகம் மாறியது.

"என்ற பண்ணையில செஞ்சிலந்தியா? உங்க கேமராவுல அழுக்கு இருக்கும். நல்லாத் தொடைச்சீங்களா?"

"தொடைச்சேனுங்க."

"ஒரு இலைகூடப் பழுக்கல. பாருங்க, பாருங்க நீங்களே." செடியைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே காட்டினார். உண்மையாகவே மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஆயம்மாள் கோபத்தோடு உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்தார். அடியிலிருந்த இலைகளை அதன்மேல் பிடித்துத் தட்டினார். தாளில் மிளகாய்ப்பொடி சிந்தியதுபோலச் சில துகள்கள் விழுந்தன. இருவரும் குனிந்தார்கள். துகள்கள் நடக்கத் தொடங்கின.

ஆயம்மாள் தாளை மடித்துக் கசக்கினார். "நீங்க போங்க தம்பி" என்றார்.

அந்தக் கூடாரத்திலிருந்த ஃப்யூசியாக்கள் அத்தனையையும் அடிவரை வெட்டி எரித்தார்கள். தாய்ச்செடியின் தண்டை மட்டும் கழுவி, மருந்தடித்து, ஆயம்மாள் வீட்டுக்குள் தனியாகக் கொண்டுபோய் வைத்தார். ஊட்டியில் ஒரு பெரிய ஓட்டலுக்கு அந்த வாரம் அனுப்புவதாக இருந்த செடிகள் போகவில்லை. கையேடு சீசனுக்கு முன் அச்சானது, ஃப்யூசியா பக்கம் இல்லாமல். அட்டையில் பிகோனியா இருந்தது. அச்சகத்தில் சிவப்பைக் கொஞ்சம் கூட்டிவிட்டார்கள், இதழின் மெல்லிய வரிகள் மூழ்கிவிட்டன. ஒரு பிரதியை யாரோ ஸ்டூடியோவில் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆயம்மாள் வரவில்லை, கூப்பிடவுமில்லை.

"கோவமாத்தான் இருப்பாங்க" என்றார் சுஜாதா. "ரிப்போர்ட்ல கெட்டது வந்தா எங்கமேலதான் மொதல்ல எரிஞ்சு விழுவாங்க. ரத்தம் அவங்களோடதுன்னே ஒத்துக்கமாட்டாங்க."

மே மாதம் ஜினோவுக்குத் தேவாலாவில் கல்யாணம். ஜெகதீசனும் சுஜாதாவும் கூடலூர் பஸ் பிடித்துப் போனார்கள். சர்ச்சில் நான்காவது வரிசையில் இடம் கிடைத்தது. கூடலூரிலிருந்து வந்திருந்த கேமராக்காரர் மோதிரம் மாற்றும்போது ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். பெண்ணின் முகம் இருண்டுதான் விழும். ஜெகதீசனுக்கு எழுந்து போய்ச் சொல்லவேண்டும்போல இருந்தது. உட்கார்ந்தே இருந்தார்.

சாப்பாட்டுப் பந்தலில் ஜினோ அவரைத் தேடி வந்தான். கோட்டுக்குள் வியர்த்திருந்தது.

"அண்ணா, அந்த விசயம் நான் உங்ககிட்ட அப்பவே சொல்லியிருக்கணும்."

"ஆமா, சொல்லியிருக்கணும்" என்றார் ஜெகதீசன். பிறகு, "போய் உக்காரு. பொண்ணு தனியா நிக்குது பாரு" என்றார். அதற்குமேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பிறகும் பேசியதில்லை. கல்யாண வேலைகள் இப்போது முழுக்க ஜினோவுடையவை. பெயர்ப்பலகையை மாற்றச் சொன்னார் ஜெகதீசன். அவன் இன்னும் மாற்றவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஆயம்மாளிடமிருந்து ஃபோன் வந்தது. நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

"தம்பி, எப்ப வர்றீங்க?"

"எதுக்குங்க அக்கா?"

"எதுக்கா? தாய்ச்செடியில தளிர் வந்திருக்குது. வெட்டி நடறதுக்கு முன்னாடி அடியும் நுனியும் உங்க கேமராவுல பாக்கணும். எனக்குக் கண்ணு பத்தல. சுஜாதாவயும் கூட்டிட்டு வாங்க, அவதான் சொல்லணும்."

ஜெகதீசன் சுஜாதாவோடு போனார். ஆயம்மாள் மார்ச் மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை. தொட்டியை மேசையில் வைத்துவிட்டு, "காத்து வராம கதவச் சாத்திட்டேன்" என்றார். படத்தில் இலையின் அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது. மூன்று பேரும் திரைக்குமேல் குனிந்து பார்த்தார்கள். ஆயம்மாள் நம்பாமல் இன்னொரு இலையைக் காட்டினார். அதுவும் சுத்தம்.

அதன்பிறகு பண்ணைகளில் அவருக்கு இரண்டுவிதமான வேலை இருக்கிறது. பூவை எடுப்பது, இலையின் அடியை எடுப்பது. கோத்தகிரி சாலையில் இன்னும் சிலர் கூப்பிடுகிறார்கள். இலை எடுக்கும்போது அழகைப் பற்றிக் கவலையில்லை, ஃபிளாஷை வைத்துச் சரமாரியாக அமுக்கி ஒன்று தேறினால் போதும். பூ எடுப்பதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்கிறார்.

நடுக்கம் இடதுகைக்கும் வந்திருக்கிறது. டாக்டர் அப்படித்தான் வரும் என்றார். சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது. கையெழுத்து வங்கியில் ஒத்துப்போவதில்லை. காட்சிகளைப் பெரிதாக்கிப் பார்க்கிற கண் மட்டும் நன்றாக இருக்கிறது.

போன வாரம் ஆயம்மாள் புதிதாக வாங்கிய ஒரு ஆர்க்கிட் பூத்திருந்தது. அரிசி அளவு பூ, உள்ளே அதைவிடச் சிறிய மஞ்சள் நாக்கு. ஜெகதீசன் ட்ரைபாடின் காலை மடக்கி மேசையோடு ஒட்டி வைத்தார். சுஜாதா வளையலைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். திரையில் மஞ்சள் மங்கலாகக் கிடந்தது.

"எந்தப் பக்கமுங்க?"

"உன் பக்கம். மெதுவா."